முட்டை அறைக்கு வந்த வெள்ளி வட்டில்

முட்டை உடைப்பதில் ஹம்ஸாவை மிஞ்ச எங்கள் ஆய்வகத்தில் ஆள் கிடையாது. மேசை விளிம்பில் ஒரு தட்டு, இரண்டு ஓட்டுக்கும் நடுவே ஒரு புரட்டல். வெள்ளைக்கரு வழிந்து கீழே போய்விடும். மஞ்சள்கரு சிதறாமல் ஓட்டிலேயே உட்கார்ந்திருக்கும். காலமெல்லாம் ஆம்லெட் போட்ட கை என்னுடையது, எனக்கு அது வராது. முட்டை என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்காமல் 'அந்த வஸ்து' என்று சொல்லுகிற ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி வீட்டு மருமகளுக்கு வந்தது. கடவுளுக்கு இருக்கிற குசும்பைப் பாருங்கள்.

நான் லூர்துராணி. பாலக்கரைக்காரி. அந்த ஆய்வகத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருக்கட்டுமே. ஹம்ஸாவைப் பற்றிச் சொல்ல அவள் வீட்டில் ஒருவருக்கும் வாய் கிடையாது, அதனால் நான் சொல்கிறேன்.

முட்டை எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மருங்காபுரிப் பக்கம் எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணை உண்டு. வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துப் பையன்கள் ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்களே, அந்த மருந்தை ஒரு புரதத்தோடு சேர்த்துக் கோழிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போடுவோம். கோழியின் உடம்பு அதை எதிரி என்று நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கும். அது மஞ்சள்கருவில் வந்து சேரும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து எலிக்கு ஏற்றினால், அப்புறம் அந்த எலிக்குக் கொடுக்கிற போதை மருந்தை அது ரத்தத்திலேயே கவ்விப் பிடித்துக்கொள்ளும், மூளைக்குப் போக விடாது. என்றாவது ஒரு நாள் மனுஷனுக்கும் இப்படி ஒன்று செய்ய முடியும் என்பது எங்கள் தலைவர் பிலோமின்ராஜ் சாருடைய நம்பிக்கை. 'என்றாவது' என்பதை அவர் அழுத்தித்தான் சொல்வார்.

ஹம்ஸா உயிர்வேதியியல் படித்தவள். வீட்டில் அவள் சொல்லியிருந்தது 'மருந்து ஆராய்ச்சி உத்தியோகம்' என்று மட்டும். பொய் இல்லை, பாதி. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆய்வகக் குளியலறையில் தலைக்குக் குளித்து, பையில் மடித்து வைத்திருக்கிற வேறு புடவைக்கு மாறி, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவாள்.

"ஏம்மா, தினம் தலைக்குக் குளிச்சா சளி புடிக்காதா?" என்று கேட்டேன்.

"வாசனை போகணுமே அக்கா. வெங்காயம் சாப்பிட்டவங்க தெருவுல போனாலே எங்க மாமியாருக்குத் தெரிஞ்சிடும்."

அந்த மாமியார் கோதைநாயகி. கணவர் காலமாகிவிட்டார். ஒரே பிள்ளை அச்யுத், ஹம்ஸாவின் கணவன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. கோயிலில் பிரபந்தம் பாடுகிற கோஷ்டியில் அப்பா விட்டுப்போன இடத்தில் இவன் நிற்கிறான். குரல் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஹம்ஸா பெருமையாகச் சொல்லுவாள்.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, வந்ததும் வராததுமாகத் தன் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என் கையில் திணித்தாள். எலிகளுக்குக் கொடுக்கிற போதை மருந்தைப் பூட்டி வைத்திருக்கும் இரும்பு அலமாரியின் சாவி. அதுவும், எதிர்ப்பொருள் இருக்கிற குளிர்பெட்டியின் சாவியும் அவள் பொறுப்பு.

"இதை நீங்க வச்சுக்கோங்க அக்கா. நானே கேட்டாலும் தராதீங்க."

"ஏன், நீ என்ன திருடியா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்படியே எலிக்கூண்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். முக்கொம்பு ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து அச்யுத்துக்கு முதுகில் அடி. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, மாத்திரை போகவில்லை. ஒன்று இரண்டாகி, அப்புறம் ஊசியாகிவிட்டது. குளியலறையில் பக்கெட்டுக்குப் பின்னால் ஊசியைப் பார்த்த அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருக்குமா? பகலெல்லாம் அவள் அதைத்தானே எலிகளிடம் பார்க்கிறாள்! வீட்டில் அவனுக்கு மட்டும் அவள் வேலை முழுசாகத் தெரியும். முந்தின நாள் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். "மருந்து அலமாரியே உன் கையில இருக்கு, நான் தெருத்தெருவா அலையணுமா? ஒரு சிட்டிகை கொண்டு வா ஹம்ஸா, போறும்."

"கொண்டு போயிருப்பேன் அக்கா," என்றாள். "அவர் அழற அழுகை தாங்கலை. அதான் சாவியைக் கொடுக்கறேன்."

எனக்கு வந்ததே கோபம். "ஆஸ்பத்திரியில நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை தராங்க இல்ல? தினம் போயி, அவங்க கண்ணெதிர்ல வச்சுக் கரைச்சிட்டு வந்தா நடுக்கம் அடங்கிடும். மனுஷன் வேலைக்குப் போகலாம். எத்தனை பேரு அதுல பொழைச்சுக் கிடக்காங்க! உனக்குத் தெரியாததா இது?"

"தெரியும். அம்மா விடமாட்டா."

அம்மா என்றது மாமியாரை. தெருவில் அந்த அம்மாள் சொல்லி வைத்திருப்பது 'பிள்ளைக்கு முதுகு வலி' என்று. போதை மருத்துவப் பிரிவு அந்த ஆஸ்பத்திரியின் முன்வாசலிலேயே இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வந்து போகிற வாசல். அங்கே வரிசையில் பிள்ளை நிற்பதை எவனாவது பார்த்தால் கோஷ்டியில் அவன் இடம் போகும், அப்புறம் அவன் உயிரோடு இருந்து என்ன என்று கேட்டாராம். அச்யுத்தும் அதையே பிடித்துக்கொண்டான். வெளியே சொன்னால் கொள்ளிடத்தில் விழுந்துவிடுவேன் என்று மிரட்டினான். பிலோமின்ராஜ் சாரிடம் சொல்லலாம் என்றால், வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறபோது ஹம்ஸாவை அந்த அலமாரிப் பக்கம் விடுவதே தப்பு, வேலையே போய்விடும். அச்யுத் வேலைக்குப் போவதை விட்டதிலிருந்து வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

எங்களிடம் இரண்டு அறை வைத்த பெட்டி ஒன்று உண்டு. ஒரு அறையில் சுவர் வெறுமனே இருக்கும், இன்னொன்றில் கறுப்புக் கோடு போட்டிருக்கும். கோடு போட்ட அறையில்தான் எலிக்குப் போதை மருந்து கிடைக்கும். கொஞ்ச நாள் பழகிவிட்டால், மருந்தே கொடுக்காத நாளிலும் நடுக்கதவைத் திறந்து வைத்தால் எலி அங்கேதான் போய் உட்காரும். எதிர்ப்பொருள் ஏற்றிய எலி மட்டும் இரண்டு அறையிலும் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்குச் சுற்றும். அப்படி ஒரு எலி முதல்முதலாகச் சுற்றிய அன்றைக்கு சார் எங்களுக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். ஹம்ஸா மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இருந்த எலி எதிர்ப்பொருள் ஏற்றாதது. கதவு திறந்திருந்தது. அது கோட்டு அறையின் மூலையைவிட்டு அசையவில்லை.

அப்புறம் அந்தப் போட்டோ வந்து தொலைத்தது. ஒரு நிருபர் வந்து போதைக்கு மருந்து கண்டுபிடிக்கிறார்கள் என்று எழுதி, ஹம்ஸா கையுறையோடு முட்டையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படத்தைப் பத்திரிகையில் பெரிதாகப் போட்டுவிட்டார். அதுவும் ஏகாதசி அன்றைக்கு! சித்திரை வீதியே பட்டினி வயிற்றோடு பார்த்தது. கோதைநாயகி கத்தவில்லையாம். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "இனிமே தளிகை உள்ளுக்கு நீ வரப்படாது. பெருமாள் உள்ளுக்கும்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து ஹம்ஸாவுக்குச் சாப்பாடு கூடத்து ஓரத்தில். தட்டை அவளே கழுவித் தனியாக வைக்க வேண்டும்.

"தனியா வந்துடேன்," என்றேன்.

"அவரை விட்டுட்டா?" என்று கேட்டாள்.

பங்குனியில் எங்களுக்கு ஒரு பெரிய அடி. முதல் தடவை எதிர்ப்பொருள் ஏற்றி நன்றாக இருந்த எலிகளில் ஒன்று, இரண்டாவது தடவை ஏற்றியதும் மூச்சுத் திணறி எங்கள் கண் முன்னாலேயே செத்துப்போனது. கோழியின் புரதம் வேறு உடம்புக்கு அந்நியம்; உடம்பு அதை நினைவு வைத்துக்கொண்டு மறுமுறை வெறிகொண்டு எதிர்க்கும் என்றார் சார். "மனுஷனுக்குப் போட்டா முதல் தடவையே தொண்டை வீங்கி முடிஞ்சாலும் முடிஞ்சிடும். இதை மனுஷ உடம்பு ஏத்துக்கிற மாதிரி மாத்தணும். பத்து வருஷமாகலாம், நடக்காமலும் போகலாம்." ஹம்ஸா செத்த எலியைக் கையில் ஏந்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சித்திரை வெயிலில் அச்யுத்தை அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து நஸ்ருல்லா என்கிற ஆட்டோக்காரர் தூக்கி வந்தார். உதடு நீலம் பாரித்து, நினைவு இல்லாமல் கிடந்திருக்கிறான். பக்கத்துக் கிளினிக்கில் கோதைநாயகி, "வெயில்ல மயக்கம் போட்டுடுத்து டாக்டர்," என்றார். அந்த நேரத்திலும்! ஹம்ஸா டாக்டரை நடைவழிக்கு இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னாள். போதையை முறிக்கிற ஊசி போட்டார்கள், பிழைத்தான். அவள் சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும். நன்றி சொல்லவில்லை அந்த அம்மாள். வெளியாளிடம் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று பேச்சை நிறுத்திவிட்டார்.

இவ்வளவு நடந்த பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை. மருங்காபுரியிலிருந்து முட்டை வந்து, அட்டை அட்டையாக அடுக்கி வைத்திருந்தது. ஹம்ஸா உடைத்துக்கொண்டிருந்தாள். நான் எலிகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தால், முட்டை அறை வாசலில் மடிசார் கட்டிக்கொண்டு ஒரு வயதான அம்மாள் நிற்கிறார். வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. போட்டோவில்கூடப் பார்த்ததில்லை, ஆனாலும் யாரென்று தெரிந்துவிட்டது.

ஹம்ஸா கையில் பாதி உடைத்த முட்டையோடு சிலையாகிவிட்டாள். கோதைநாயகி வாசற்படியைத் தாண்டினார். இரண்டு பக்கமும் முட்டை அடுக்கு. புடவையை ஒதுக்கிக்கொள்ளக்கூட இல்லை. நேரே மேசைக்கு வந்து, துணிப்பையிலிருந்து பட்டுத்துணியில் சுற்றிய எதையோ எடுத்துப் பிரித்தார். ஒரு சின்ன வெள்ளி வட்டில்.

"பேப்பர்ல போட்டிருந்ததே, அந்த மருந்தை இதுல விடு."

"அம்மா... இது பெருமாள் வட்டில்."

"தெரியும். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான்தானே தேய்க்கறேன். பெருமாளுக்குத் தீர்த்தம் சமர்ப்பிக்கறது. விடு."

ஹம்ஸாவின் கையுறையிலிருந்து மஞ்சள்கரு சொட்டியது.

"குடிக்கறதா, ஊசியா? குடிக்கறதுன்னா நானே ஊட்டிடறேன். முட்டையைப் பச்சையாவே கொடுக்கணும்னா அதுவும் சரி. எப்படி உடைக்கறதுன்னு மட்டும் காமி, நான் உடைக்கறேன்," என்றார் கோதைநாயகி. "காலம்பற எழுந்ததுலேர்ந்து உடம்பெல்லாம் உதறிண்டு கிடக்கான். ஊசி கிடைக்கலை போலருக்கு. 'என்னைக் கொன்னுடும்மா'ன்னு என்கிட்ட கேக்கறான்டீ. பெத்தவகிட்ட கேக்கறான்."

முட்டை என்று அந்த வாய் சொன்னது எனக்குக் கேட்டது. குளிர்பெட்டியின் சாவி ஹம்ஸாவின் கோட்டுப் பையில் இருந்தது. அவள் கை அந்தப் பையின் மேல் போய் நின்றது. மாதாவே, கொடுத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த அம்மாள் நின்ற நிலையைப் பார்த்தால் நானாக இருந்தால் கொடுத்திருப்பேன்.

"தர முடியாதும்மா," என்றாள் ஹம்ஸா.

"எலிக்குக் கொடுக்கற. ஆம்படையானுக்குக் கொடுக்க மாட்டியா?"

"எலி செத்துப்போச்சும்மா! என் கையில செத்துது. இதைப் போட்டா அவரும் போயிடுவார்." கத்தியே விட்டாள். "இது மனுஷாளுக்கு ஆகற மருந்து இல்லை. இன்னும் எத்தனையோ வருஷமாகும். வராமலே போனாலும் போகும்."

கோதைநாயகி அடுக்கி வைத்த முட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்போ எதுக்குடீ தினம் வந்து இதை உடைக்கறே?"

திட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். ஹம்ஸா உடைந்துபோனாள். "வேற என்ன பண்றதுன்னு தெரியலைம்மா. ஆத்துல என்னால ஒண்ணும் பண்ண முடியலை. இங்கேயாவது ஏதோ பண்றேன்னு..." கையுறையோடேயே கண்ணைத் துடைக்கப் போனாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முகத்தை என் தோளில் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். "வேற மருந்து இருக்கும்மா. பத்து வருஷம் காத்திருக்க வேண்டாம். இன்னிக்கே இருக்கு. அந்த வாசல்ல போய் நிக்கணும், அவ்வளவுதான்."

"அந்த வாசலா?"

"அந்த வாசல்தான்."

கோதைநாயகி காலியான முட்டை அட்டைக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தது எதன் மேல் என்று அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. வட்டிலை மடியில் வைத்து மெதுவாகத் துடைத்து, பட்டுத்துணியில் திரும்பச் சுற்றிப் பைக்குள் வைத்தார். நான் சும்மா இருந்தேன். என் வாய்க்கு அது பெரிய சாதனை.

"ஆட்டோ கூப்பிடு," என்றார் கடைசியில்.

நஸ்ருல்லாவே வந்தார். வீட்டுக்குப் போய் அச்யுத்தைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். அந்த வெயிலிலும் போர்வை போர்த்திக்கொண்டு நடுங்கினான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்றியது. "அங்கே வேண்டாம், யாராவது பாப்பா," என்று பாலம் தாண்டும்வரை முனகிக்கொண்டே வந்தான். அம்மா அவன் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார்.

வரிசையில் நின்றோம். யார் பார்க்கக் கூடாது என்று அந்த அம்மாள் இத்தனை நாள் கதவைச் சாத்தி வைத்தாரோ, அது நடந்தது. உத்திர வீதிக்காரர் ஒருவர் மாத்திரைப் பையோடு வந்தவர் நின்றுவிட்டார். "கோதை மாமியா? நீங்க எங்கே இங்கே? அச்யுத்துக்கு முதுகு வலி இன்னும் தீரலையா?"

ஹம்ஸா தலையைக் குனிந்துகொண்டாள். அச்யுத் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்தான். கோதைநாயகி அந்தப் போர்வையைக் கீழே இறக்கிவிட்டார்.

"முதுகு வலி இல்லை. போதை ஊசி போட்டுண்டிருந்தான். வைத்தியத்துக்கு வந்திருக்கோம்," என்றார். "உங்களுக்குச் சர்க்கரை எப்படி இருக்கு?"

அந்த மனிதர் ஏதோ வாய்க்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்தார். என் மனத்துக்குள் நான் கைதட்டினேன். ஆனால் அந்த அம்மாள் துணிப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டதையும் பார்த்தேன்.

டாக்டர் எல்லாம் விசாரித்து, உட்கார வைத்து, பரிசோதித்து, சாயங்காலத்துக்குள் முதல் மாத்திரை எழுதினார். "வாயை நனைச்சுக்கிட்டு வாங்க. அப்பதான் நாக்குக்கு அடியில சீக்கிரம் கரையும்," என்றார் நர்ஸ். எங்கள் யாரிடமும் டம்ளர் இல்லை. கோதைநாயகி பையைத் திறந்தார். பட்டுத்துணியைப் பிரித்து, வட்டிலை எடுத்து, ஆஸ்பத்திரிக் குழாயில் தண்ணீர் பிடித்தார். அத்தனை பேருக்கு முன்னால் பிள்ளையின் வாயில் வைத்துப் புகட்டினார்.

"நாளைக்கும் வரணும்மா," என்றார் நர்ஸ்.

"எத்தனை நாளைக்கு?"

"அது இப்ப சொல்ல முடியாதுங்க. மாசக்கணக்காகலாம். வருஷமானாலும் ஆகலாம்."

கதை இங்கே முடிந்து எல்லாரும் சுகம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. கோஷ்டியில் அச்யுத்தின் இடம் போய்விட்டது. நடுவில் ஒரு தடவை மாத்திரையை விட்டுவிட்டு ஓடிப்போனான். மறுபடி பிடித்துக் கொண்டுவந்தோம். ஹம்ஸா சாரிடம் தானே போய்ச் சொன்னாள். வேலை போகவில்லை, இரண்டு சாவியின் பொறுப்பும் போய்விட்டது. இன்னும் முட்டை உடைக்கிறாள். இன்னும் தளிகை உள்ளுக்கு அவளை விடுவதில்லை. கூடத்து ஓரத்தில்தான் சாப்பாடு. ஒரு வித்தியாசம், இப்போது பக்கத்தில் மாமியாரும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்.

போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் கோதைநாயகியைப் பார்த்தேன். பிள்ளையின் வாயில் மாத்திரை கரையும்வரை எதிரில் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தார். மடியில் அதே வட்டில். அப்படியென்றால் வீட்டில் பெருமாளுக்கு எதில் தீர்த்தம் என்று கேட்டேன். எவர்சில்வர் டம்ளரில் என்றார்.

"ஏம்மா, அந்த டம்ளரை இங்க கொண்டாந்துட்டு, வட்டிலை சாமிக்கு வைக்கலாம் இல்ல?"

"பெருமாளுக்கு என்ன, காத்துண்டிருப்பார்," என்றார் அவர், பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இவனால முடியாதே."